மாத்திரைக்கு வெந்நீர்

மான் லோய் கிராமம்
தசாங்மோன் மாதப் பௌர்ணமி கழிந்த நாலாம் நாள்

அன்பு மகள் யின்னுக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் முப்பத்தோரு வருஷம் பத்திரிகையில் இருந்தவனுக்கு முதல் வரியிலேயே பொய் எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி போன மாதம் இருந்தபடியே இருக்கிறது, உன் அக்காவின் குழந்தை டின் பால் குடித்து எடை ஏறுகிறது, அதுவரை உண்மை. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் உயிரும் சுகமாக இருக்க வேண்டும், அதைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் வேறு வேண்டுதல் இல்லை. எழுத்தின் நிறம் வேறு மாதிரி இருந்தால் பேனாவைக் குறை சொல்லாதே, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஐந்தாம் மாதம் என்று எழுதியிருந்தாய், படி ஏறினால் கண் இருட்டுகிறது, பினாங்கு கிளினிக்கில் ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று சொல்லிச் சிவப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அக்கா லுவே போ தினமும் தன் கையாலேயே தேநீர் ஊற்றி மாத்திரையை விழுங்க வைக்கிறாள், நம் மலையிலிருந்து வந்த தேயிலைப் பாக்கெட்டின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டில் தங்கியிருக்கும் பெண்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டாள் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தாய். மூன்றாம் தடவை அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அம்மா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "அவளுக்காவது நிஜத்த எழுதுங்க" என்றாள். உன் அக்கா செங் போனதிலிருந்து அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அக்கா பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தாள் என்று உனக்குத் தொலைபேசியில் சொன்னோம். அது பொய்யில்லை, ஆனால் பாதிச் செய்தி. மீதிப் பாதியை நான் இரண்டு மாதமாக விசாரித்திருக்கிறேன், யாரிடம் கேட்டேன், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

செங்குக்கு ஐந்தாம் மாதத்தில் நம் ஊர் நர்ஸ் நாங் ஓம் இரும்பு மாத்திரை கொடுத்தாள். கொடுக்கும்போதே தேநீரோடு சாப்பிடாதே, சாப்பாட்டோடு குடிக்கிற தேநீரையும் தள்ளி வை, வெறும் தண்ணீரில் விழுங்கு என்று சொல்லியிருக்கிறாள். சொல்வது சுலபம். பிள்ளைத்தாய்ச்சி பச்சைத்தண்ணீர் குடித்தால் ரத்தம் உறைந்துபோகும் என்று நம் பெண்கள் அதைத் தொட மாட்டார்கள். மிச்சம் இருப்பது வெந்நீர். இந்த மலையில் வெறும் வெந்நீரை யாருக்கு ஊற்றுவோம், உனக்கே தெரியும். இலை வாங்க வழியில்லாத வீட்டில்தான் வெந்நீர், அல்லது இனி இந்தப் படி ஏறாதே என்று சொல்ல வேண்டிய ஆளுக்கு வெந்நீர். கல்யாணத்துக்கு அழைப்பதும் ஒரு பொட்டலம் தேயிலையை வைத்துத்தான், வழக்குத் தீர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே தட்டில் ஊறவைத்த தேயிலையைத் தின்று எழுவதும் இலைக்கு இருக்கும் அந்த மதிப்பால்தான். எட்டுத் தோட்டம் வைத்திருக்கும் சம்பந்தி வீட்டில், மருமகள் முன்னால் வெந்நீர் கோப்பை இருந்தால் வருகிறவர் போகிறவர் என்ன நினைப்பார்கள். சம்பந்தியம்மா கெட்டவள் இல்லை, செங்கை உள்ளங்கையில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டாள். முதல் மழைக்கு முன் கிள்ளிய கொழுந்தை, விற்காமல் எடுத்து வைத்திருந்ததை, அவளுக்கென்று கெட்டியாகக் காய்ச்சி ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். எவ்வளவு நல்ல இலையோ அவ்வளவு துவர்ப்பு. ஒரு நாள் விடாமல் ஊற்றினாள்.

இனி நான் வருகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், நீ கைக்குழந்தை, கொழுந்துப் பருவத்தைப் பற்றி எழுத மாண்டலேயிலிருந்து என்னை இங்கே அனுப்பினார்கள். சொந்த ஊர் என்பதால் விசாரிக்காமலே எல்லாம் தெரியும் என்ற திமிர் எனக்கு. தேயிலை வியாபாரிகள் பன்றிக்கறியோடு விருந்து போட்டார்கள், அவர்களில் ஒருவர், "எங்க பொண்ணுங்க கன்னத்தப் பாத்தீங்களா தம்பி, என்ன செவப்பு! எல்லாம் டீ ஊற வைக்கிற ரத்தம்" என்றார். மலைக்காற்றில் யார் கன்னமும் சிவக்கும், அது எனக்குத் தெரியாதா. ஆனாலும் எழுதினேன். "இம்மலைப் பெண்களின் கன்னம் சிவந்திருப்பது, தேயிலை அவர்கள் உடலில் ரத்தம் ஊறச் செய்வதால்." ஒரு டாக்டரிடம் கேட்கவில்லை, ஒரு நர்ஸிடம் கேட்கவில்லை, கறி ருசியாக இருந்தது, வாக்கியமும் அழகாக வந்தது. அதைத்தான் சம்பந்தி வீட்டார் பாக்கெட்டின் பின்னால் என் பெயரோடு அச்சடித்தார்கள். செங்கைப் பெண் கேட்டு வந்தபோது சம்பந்தியம்மா முதலில் சொன்னதும், "உங்க எழுத்தாலதான் எங்க சரக்கு மாண்டலே வரைக்கும் போகுது" என்பதுதான். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

இதற்கு மேல் உள்ளது உனக்குத் தெரியாது, அம்மாவுக்கே ஒரு மாதம் முன்புதான் சொன்னேன். மழை தொடங்கின மாதத்தில் ஒரு பகல், ஆறாம் மாத வயிற்றோடு செங் நம் வீட்டுக்கு வந்தாள், கூடத்தில் சம்பந்தியம்மாவின் தம்பியும் உட்கார்ந்திருந்தார். "அப்பா, நர்ஸக்கா மாத்திரைய டீயோட போடாதங்குது. அத்தை பாக்கெட்டத் திருப்பிக் காட்டி, உங்கப்பன் பேரே போட்டிருக்கு பாருடிங்கிறாங்க. நான் யார் பேச்சக் கேக்கட்டும்?" என்று கேட்டாள். கேட்கும் இடம் தெரிந்து கேட்டாள் யின். எழுதினவனிடமே வந்து கேட்டாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் இது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். சம்பந்தியின் தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீ குடிச்சு வளர்ந்தவதானே நீ? அந்த நர்ஸ் சின்னப் பொண்ணு, புஸ்தகத்துல இருக்கிறத ஒப்பிக்குது. ஒண்ணும் ஆகாது, குடி" என்றேன். அவள் சிரித்தாள். "அப்ப சரி. டீயோட போட்டா அந்தத் துரு வாடையே நாக்குல தெரியிறதில்லப்பா" என்றாள். துரு வாடை ஏன் தெரியவில்லை என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். இரும்பு அங்கே நாக்கிலேயே தேயிலையின் துவர்ப்பிடம் பிடிபட்டுப் போனது, அதனால்தான் வாடை இல்லை.

ஏழாம் மாதத்தில் சந்தையில் விற்கும் சுட்ட மண்ணை வாங்கித் தின்ன ஆரம்பித்தாள், மசக்கை என்று எல்லோரும் கேலி பண்ணினோம், "வீட்டுச் சுவரை விட்டுவைம்மா" என்று மூத்த மாப்பிள்ளை ஐக் சொல்லிச் சிரித்தார். நகம் குழிந்து போயிற்று. கூடையோடு இரண்டு வரிசைச் செடி தாண்டினால் உட்கார்ந்துவிடுவாள். எட்டாம் மாதத்தில் மருத்துவ முகாம் வந்தபோது பார்த்தார்கள், பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு புள்ளி இரண்டு. மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டேன் என்று அவள் சொன்னதை முகாம் டாக்டர் நம்பவில்லையாம், ஜன்னல் வழியாக எறிந்திருப்பாய் என்றாராம். அவள் அழுதுகொண்டே வந்தாள். கீழே இறங்கி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள், சம்பந்தி வீட்டில் மழை விடட்டும் என்றார்கள், பாதை சரியாகட்டும் என்றார்கள், நானும் ஆகட்டும் என்றேன்.

மழை விடுவதற்கு முன்பே, தோதலின் மாதம், வலி கண்டது. நாங் ஓம் சரியாக வந்தாள், குழந்தை சரியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது, எல்லாப் பெண்களுக்கும் போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போயிற்று, ஊசி போட்டாள், வயிற்றை அழுத்திப் பிடித்தாள், அரை மணியில் நின்றுவிட்டது. இதைக் கவனமாகப் படி. ரத்தம் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் உன் அக்கா இறந்தாள், சரக்கு லாரியில் மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது, மண் சரிந்த இடத்தில் காத்திருந்த நேரத்தில். உதடு தேயிலைச் செடியடிக் காளான் போல வெளுத்திருந்தது. குளிருது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ஊரில் ஆளுக்கொரு காரணம். ஆலமரத்து நாட் தேவதையைக் கும்பிடாமல் கடந்தாள் என்றார்கள், தலைக்குக் குளித்தாள் என்றார்கள், நர்ஸ் போட்ட ஊசி என்றார்கள். ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவிட்டு முடித்தபின் நான் நோட்டை எடுத்துக்கொண்டு நாங் ஓமிடம் போனேன். அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மாமா, கேக்க வேண்டிய நேரத்துல ஒருத்தரும் கேக்கல. இப்ப எதுக்கு நோட்டு?" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு தன் கோப்பையில் இருந்த தேநீரில் ஒரு மாத்திரையை நசுக்கிப் போட்டுக் கலக்கி என் முன்னால் வைத்து, "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்றாள். பொன்னிறம் சாம்பலாயிற்று, சாம்பல் கறுத்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பூச்சி புழு தின்னாம இருக்க இலை தனக்குன்னு வச்சிருக்கிற துவர்ப்பு அது. இரும்பக் கண்டா விடாது மாமா, கட்டிப் புடிச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து ஒரு கறுப்பாயிடும், அந்தக் கறுப்பக் குடல் எடுத்துக்காது, வெளிய தள்ளிடும். அவ மாத்திரைய எறியல. அத்தனையும் விழுங்கினா. ஒண்ணும் அவளுக்குப் போய்ச் சேரல." தேயிலைதான் கொன்றது என்று எழுதலாமா என்று கேட்டேன். "எழுதாதீங்க" என்றாள். "ரத்தம் எல்லாருக்கும் போகும். மத்தவளுங்க தாங்குவாளுங்க. இவகிட்ட தாங்குறதுக்கு இருப்பு இல்ல, அவ்வளவுதான். அந்த மாத்திரை சேர்ந்திருந்தா பொழச்சிருப்பாளான்னு கேட்டா, தெரியாது. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்." அதனால் நானும் கொன்றது என்று எழுதவில்லை. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று விளங்கியது. அது எனக்குத் தெரிந்த கறுப்பு. மடத்துப் பள்ளியில் படிக்கும்போது முற்றின இலையைக் காய்ச்சித் துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்டு நாங்களே மை செய்வோம், என் முதல் எழுத்தே அந்த மையில்தான். இலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக் கறுக்கும் என்பது எட்டு வயதில் என் விரலுக்குத் தெரியும். அதே இரண்டும் என் பெண்ணின் வயிற்றுக்குள் தினமும் சேர்ந்தபோது என் புத்திக்கு எட்டவில்லை.

சம்பந்தியம்மாவிடம் போய்ச் சொன்னேன். முதலில் சண்டைக்கு வந்தாள், "எங்க வீட்டுக்கு வாழ வந்தவளுக்கு வெந்நீர் ஊத்தினேன்னு ஊரு சிரிக்கவா?" என்றாள். அப்புறம் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "எழுதினது நீங்க சம்பந்தி, ஊத்தினது நான். இதுல யார யார் கேக்குறது?" என்றாள். பாக்கெட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன், அடுத்த பருவத்துக்கான உறைகள் மூட்டை மூட்டையாக அச்சாகிக் கிடக்கின்றனவாம், மகனிடம் கேட்க வேண்டுமாம். என் பழைய பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன், பதினான்கு வரி. இப்போதிருக்கும் ஆசிரியர் தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசினார், "இருபத்திரண்டு வருஷம் கழிச்சுத் திருத்தமா சார்? அத யாரு ஞாபகம் வச்சிருக்காங்க? அதுவுமில்லாம தேயிலைக்காரங்கதான் நமக்கு விளம்பரம்" என்றார். பிழை என் பெயரோடு பினாங்கு வரைக்கும் போயிருக்கிறது, திருத்தத்துக்கு உள்ளூரிலேயே இடமில்லை. ஆகவே மகளே, அந்தத் திருத்தத்துக்கு இப்போதைக்கு வாசகி நீ ஒருத்திதான்.

அம்மாவிடம், செங் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அன்று சாப்பாட்டு வேளையில் அவள் என் தட்டுக்குப் பக்கத்தில் வெந்நீர் வைத்தாள். அன்றிலிருந்து வெந்நீர்தான். அவள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். போன வாரம் உன் சித்தப்பா வந்தபோது அவனுக்குத் தேநீர், எனக்கு வெந்நீர், அவன் இரண்டு கோப்பையையும் பார்த்துவிட்டுத் தகரக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நானும் வைக்கிறதைக் குடிக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. மாத்திரைக்கு வெந்நீர், ஆறவைத்த தண்ணீராக இருந்தாலும் சரி, வேறெதுவும் வேண்டாம். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது, புளிப்பு இரும்பைக் குடலுக்குள் சேர விடுமாம், அங்கே கொய்யா மலிவு என்று எழுதியிருந்தாயே, தின்னு. உன்னைத் தேநீரையே விட்டுவிடச் சொல்லவில்லை, நம்மவளை அப்படிச் சொல்லவும் முடியாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் தேநீர், காப்பி, ஊறவைத்த தேயிலை எதுவும் வாயில் படக்கூடாது, இது நாங் ஓம் சொன்ன கணக்கு. பொரித்த அவரை, எள், சோயா இவற்றிலும் வேறு மாதிரியான ஒரு பிடிப்பு உண்டாம், பயறானால் நன்றாக ஊறவைத்து முளைகட்டிச் சாப்பிட்டால் பிடி தளருமாம். மீனும் இறைச்சியும் கிடைக்கிற நாளில் விடாதே, அதிலிருக்கும் இரும்பு அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. மண் தின்ன ஆசை வந்தால் சிரிக்காமல் அன்றே கிளினிக்குக்குப் போ. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லு, எத்தனை என்று எனக்கு எழுது, நன்றாக இருக்கிறேன் என்று எழுதாதே, எண்ணை எழுது. மாத்திரை நாக்கில் துரு வாடை அடிக்கும், அடிக்கட்டும், அடித்தால்தான் அது உன்னிடம் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்.

லுவே போவிடம் சண்டை போடாதே. அவள் ஆசையாகத்தான் ஊற்றுகிறாள், சம்பந்தியம்மாவும் ஆசையாகத்தான் ஊற்றினாள். வெந்நீர் கேட்டால் அவள் முகம் சுண்டும், நம்ம வீட்ல இலைக்கா பஞ்சம் என்பாள், பாக்கெட்டைத் திருப்பி என் பெயரைக் காட்டுவாள். அப்போது இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. செங்குக்குக் கொடுத்த மாத்திரையில் கடைசி அட்டை மிச்சம் இருந்தது, சம்பந்தி வீட்டார் அவள் பெட்டியைத் திருப்பித் தந்தபோது வந்தது. அதில் நாலை நசுக்கி, சம்பந்தி வீட்டுக் கொழுந்தையே காய்ச்சி ஊற்றி, துணியில் வடிகட்டி, அந்த மையில்தான் இந்தக் கடிதம் முழுவதையும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது வெளிறித்தான் விழுகிறது. மேலே எழுதின பக்கங்கள் இப்போதே கறுக்கத் தொடங்கிவிட்டன, உன்னிடம் வந்து சேரும்போது நன்றாகக் கறுத்திருக்கும், தண்ணீரில் நனைத்தாலும் லேசில் போகாது. இதுதான் உன் அக்கா தினமும் குடித்தது என்று லுவே போவிடம் சொல்லு.

அம்மா கடுகுக்கீரை காயவைத்துக் கொடுத்திருக்கிறாள், வியாபாரி மூலம் பொட்டலமாக வருகிறது, தேயிலை அனுப்பவில்லை. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, சித்தியின் பிரசவம் நல்லபடியாக முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போடுகிறாள். புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உங்கள் மூவரையும் காக்கட்டும், அக்காவுக்கு வாய்க்காத ஆயுளும் உனக்கே சேர்ந்து வரட்டும். மறந்துவிடாதே, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மாத்திரைக்கும், வெந்நீர். கேட்டு வாங்கிக் குடி, வெட்கப்படாதே.

உன் அப்பா
மாய் ஓன் தெயின்
(பாக்கெட்டின் பின்னால் இருக்கும் அதே பெயர்)